மூன்றாவது மேசையருகே நிற்பவன்

“ரெண்டு பேர் நிக்கிறாங்கம்மா. அவங்களைப் போகச் சொல்லுங்க.”

மலையேறி வந்த மூச்சுகூட அடங்கவில்லை. அதற்குள் சொல்லிவிட்டார் அருமைநாயகம்.

மரகதம் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“எங்க நிக்கிறாங்க சார்?”

“என் ஆய்வுக்கூடத்துல.”

“நாற்காலி போட்டு உக்காரச் சொல்ல வேண்டியதுதானே?”

“விளையாடாதீங்கம்மா. அவங்க உசுரோட இருக்கிறவங்க இல்ல.”

அப்போதுதான் முறம் நின்றது.

*

இந்த அருமைநாயகம் யார் என்று சொல்லிவிடுகிறேன். போலீஸ்காரர்கள் ஒரு பாட்டிலையோ ஒரு கந்தலையோ அரக்கு வைத்து அனுப்புவார்கள். அதில் இருப்பது என்ன என்று பார்த்துச் சொல்கிற ஆய்வாளர் அவர். வயது ஐம்பத்தெட்டு. அதற்கு முன்னால் பத்து வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்குக் கோர்ட்டில் மறுபேச்சு கிடையாது.

தப்பே செய்யாத மனுஷன் என்று ஊரே சொல்லும். அவரும் அதை நம்பினார். அட, வம்பு எல்லாம் அங்கேதானே ஆரம்பிக்கிறது!

மரகதத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாற்பத்து நாலு வயது. மழித்த தலை, சாயம் போன நூல்புடவை. மலை மேல் இருக்கிற கல்மண்டபத்தில் தனியாக இருந்தாள். சாமியம்மா என்று யாராவது கூப்பிட்டால் முறத்தை ஓங்குவாள். பேய் பிசாசு என்று போனவனைத் திட்டித்தான் அனுப்புவாள், ஆனால் போனவன் தெளிந்து திரும்புவான் என்று ஆய்வுக்கூடத்து வாட்ச்மேன் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் இவர் வந்தார்.

பத்து நாளாகத் தூக்கமில்லை. வேறு எங்கே போவார், பாவம்.

அவள் தம்மை ‘சார்’ என்று கூப்பிட்டதை அவர் கண்டுகொள்ளவில்லை. பேன்ட் போட்டவரை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவாள் என்று நினைத்திருப்பார்.

*

“விவரமாச் சொல்லுங்க.”

“எங்க கூடம் நீளமா இருக்கும்மா. வரிசையா நாலு மேசை. இந்தக் கோடியில முன்வாசல், அந்தக் கோடியில பின்வாசல்.”

“சரி.”

“முன்வாசல் வழியாப் போனா, ரெண்டாவது மேசைகிட்ட ஒருத்தன் நிக்கிறான்.”

“பின்வாசல் வழியாப் போனா?”

“மூணாவது மேசைகிட்ட இன்னொருத்தன்.”

“முகம் எப்படி இருக்கு?”

“முகம் எங்கம்மா தெரியுது? ரெண்டு பேருமே மூக்கையும் வாயையும் மூடி ஈரத்துண்டு கட்டியிருக்காங்க. மூச்சை இழுக்கிறப்போ துண்டு வாய்க்குள்ள போகுது.”

“விடுறப்போ?”

“வெளிய வர்றதே இல்லம்மா. இழுத்துக்கிட்டே இருக்கான்.”

சொல்லும்போதே அவருடைய கை தானாகத் தன் வாயைப் பொத்திக்கொண்டது.

“பேசுறாங்களா?”

“இல்ல. துண்டுலேருந்து சொட்டுச் சொட்டா விழும். அந்தச் சத்தம் மட்டும்தான்.”

“ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்த்திருக்கீங்களா?”

“ஒருத்தனைப் பார்த்தாலே ஓடிடறேன். அப்புறம் எங்க ஒண்ணாப் பார்க்கிறது?”

நியாயமான பதில்தான். நானாக இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன்.

“எப்பலேருந்து?”

“பத்து நாளைக்கு முன்னாடி ஒரு கேசுல சாட்சி சொன்னேன். கூண்டுல ஏறி ஒரு பொருளோட பேரைச் சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலம் கூடத்துக்குத் திரும்பினா, நிக்கிறாங்க.”

மரகதம் எழுந்து போய்ப் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“மேற்குப் பக்கம் சுனை இருக்கு சார். தண்ணி எடுத்துட்டு வாங்க.”

“நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலியே!”

“தாகமா இருக்கு. தண்ணி வரட்டும், சொல்றேன்.”

*

அந்த மண்டபத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். நடுவில் ஒரே வரிசையில் நாலு தூண். கூரையில் வௌவால். மரகதம் கிழக்கு வாசலை ஒட்டி உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

உச்சி வெயில். பாறை சுட்டது. அருமைநாயகம் குடத்தை நிரப்பிக்கொண்டு, குறுக்கு வழி என்று மேற்கு வாசலில் நுழைந்தார்.

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே முதலில் ஒன்றும் தெரியவில்லை. வாடைதான் முதலில் வந்தது. இனிப்பும் காட்டமும் கலந்த வாடை. அவருக்கு நன்றாகத் தெரிந்த வாடை.

அப்புறம் சத்தம். சொட்டு.

முதல் தூண். இரண்டாவது தூண். மூன்றாவது தூணருகே அவன் நின்றான்.

துண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

குடம் கை நழுவி விழுந்து, படியில் உருண்டு, மலையே கேட்கும்படி அலறியது. அருமைநாயகம் திரும்பி ஓடினார். செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது. மண்டபத்தை வெளியே சுற்றிக்கொண்டு ஓடி, கிழக்கு வாசலில் நுழைந்து, மரகதத்தின் பக்கத்தில் பொத்தென்று விழுந்தார்.

“என்ன சார், தண்ணி எங்க?”

அவர் விரலை நீட்டினார்.

இந்த வாசலிலிருந்து இரண்டாவது தூண். அங்கே ஒருவன் நின்றான். ஈரத்துண்டு கட்டியிருந்தான்.

“ரெண்டு பேரும் இங்கேயே வந்துட்டாங்கம்மா! அந்தப் பக்கம் நுழைஞ்சா மூணாவது தூண்கிட்ட அவன். இந்தப் பக்கம் வந்தா ரெண்டாவது தூண்கிட்ட இவன். ஐயோ, நான் என்ன பண்ணுவேன்!”

“ரெண்டாவது தூண்கிட்ட இருக்கிறவன் இருக்கட்டும். மூணாவதா இருந்தவன் இப்ப எங்கேன்னு பாருங்க.”

“பார்க்க மாட்டேன். கொன்னு போட்டாலும் பார்க்க மாட்டேன்.”

கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், சின்னக் குழந்தை மாதிரி முழங்காலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மரகதம் எழுந்து நடந்தாள். இரண்டாவது தூணருகே குனிந்து தரையைத் தொட்டாள். திரும்பி வந்து ஈர விரல்களை அவர் மூக்கருகே நீட்டினாள்.

“இது என்ன சார்?”

அவர் முகர்ந்தார். அந்த நிலையிலும் தொழில் புத்தி போகவில்லை.

“பியூட்டனால். ஒரு வகை ஆல்கஹால். பெயின்ட்டைக் கரைக்கிறதுக்கு ஊத்துவாங்க.”

“இதால செத்தது யாரு?”

*

“பவுன்ராஜ்னு ஒருத்தன்” என்றார். கண்ணை இன்னும் திறக்கவில்லை. “பெயின்ட் கம்பெனியில தொட்டி கழுவுற வேலை. தொட்டிக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி துண்டைத் தண்ணியில நனைச்சு முகத்துல கட்டிக்குவாங்க. நெடி ஏறாம இருக்கணுமில்ல?”

“அன்னைக்கும் கட்டினாரா?”

“கட்டினான். பக்கத்துல இருந்த தண்ணி பாட்டிலை எடுத்து நனைச்சுக் கட்டியிருக்கான். பாட்டில்ல இருந்தது தண்ணி இல்ல. தொட்டிக்குள்ள மயங்கிக் குப்புற விழுந்துட்டான். அடியில முழங்கால் அளவு கழுவின தண்ணி. அதுலேயே போயிட்டான்.”

“நனைக்கிறப்போ வாடை தெரியலையா?”

“அந்த இடமே அந்த வாடைதானேம்மா! எதுல எது தெரியும்?”

“அப்ப கம்பெனி மேலதானே தப்பு?”

“அவன் பொண்டாட்டியும் அதைத்தான் சொன்னா. கம்பெனி பீப்பாயிலேருந்து யாரோ பழைய தண்ணி பாட்டில்ல பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு சொன்னா. கம்பெனிக்காரங்க ஒத்துக்கலை. அது அவன் வீட்டு பாட்டில், தினமும் அவதான் நிரப்பிக் கொடுப்பா, அவதான் எதையோ ஊத்தி அனுப்பிட்டான்னு திருப்பிட்டாங்க.”

“நடுவுல நீங்க.”

“ஆமா. பாட்டில்ல இருந்ததையும் பீப்பாயில இருந்ததையும் எனக்கு அனுப்பினாங்க. ரெண்டும் ஒண்ணா, வேறயான்னு கேட்டாங்க.”

“என்ன எழுதினீங்க?”

“வேறன்னு எழுதினேன்.”

மரகதம் ஈர விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு பேரு?”

“அன்னபாக்கியம். பதினோரு மாசமா ஜெயில்ல இருக்கா. வெள்ளிக்கிழமை தீர்ப்பு.”

அன்றைக்குப் புதன்கிழமை.

*

“வேறன்னா எப்படி வேற? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்.”

இதைக் கேட்டதும் அருமைநாயகம் கண்ணைத் திறந்தார். வாத்தியார் புத்தி எங்கே போகும்? பேய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தரையில் கிடந்த கூழாங்கல் நாலைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். வாசலோரத்துச் செடியிலிருந்து அரளிப்பூ ஒன்றைக் கிள்ளிக்கொண்டார்.

“இந்தக் கல்லு கார்பன். நாலு கார்பன் கைகோத்து வரிசையா நிக்குது. இந்தப் பூ இருக்கே, இது ஒரு ஆக்ஸிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி. இது வந்து ஏறி உட்கார்ந்தாத்தான் அதுக்கு ஆல்கஹால்னு பேரு.”

“எந்தக் கல்லு மேல?”

“அதுதான் சங்கதி! கோடியில இருக்கிற முதல் கல்லு மேல உட்கார்ந்தா அது பியூட்டன்-1-ஆல். ஒரு கல்லு தள்ளி உட்கார்ந்தா பியூட்டன்-2-ஆல். உள்ளே இருக்கிற சரக்கு ஒண்ணுதான். நாலு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன். எடையும் ஒண்ணுதான். ஆனா பூ உட்கார்ற இடம் மாறினா ஆளே மாறிடும். முதலாவது நூத்திப் பதினேழு டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கும். ரெண்டாவது நூறைத் தொடுறதுக்குள்ள கொதிச்சிடும். இட மாற்றியம்னு சொல்லுவோம். அதனாலதான் பேர்லேயே இடத்தோட எண்ணையும் சேர்த்துச் சொல்றது.”

குரல் கணீரென்று வந்தது. பத்து நாளில் அவர் இவ்வளவு நிம்மதியாகப் பேசியதில்லை.

“பீப்பாயில இருந்தது எது?”

“பியூட்டன்-2-ஆல். பீப்பாய்ச் சரக்கு வந்த புட்டி மேலேயே அச்சடிச்சு ஒட்டியிருந்துச்சு.”

“திறந்து பார்த்தீங்களா?”

“எதுக்கும்மா? அதான் ஒட்டியிருந்துச்சே.”

“பாட்டில்ல ஒண்ணும் ஒட்டியிருக்கலையே?”

“அதை நானேதான் சோதிச்சேன். எந்த அணு எங்க இருக்குன்னு கருவி காட்டிடும். அதை வெச்சுப் படம் போடணும். வேலை செய்யற இடத்துக்கும் எழுதற மேசைக்கும் நடுவுல ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கு. காகிதம் நனைஞ்சிடும்னு நாங்க கண்ணாடி மேலேயே மார்க்கர்ல படம் போட்டுடுவோம். எங்க கூடத்துல எல்லாருக்கும் அதான் பழக்கம். அந்தப் பக்கம் நின்னு வரைஞ்சேன். இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து இடது பக்கத்துலேருந்து எண்ணி எழுதினேன். அன்னைக்குப் பதினேழு கேசு. அவசரம்.”

“என்ன எழுதினீங்க?”

“பியூட்டன்-3-ஆல்.”

பதினோரு மாதமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பேர். தயங்காமல் வந்தது. கோர்ட்டில் யாருக்குக் கார்பன் எண்ணத் தெரியும்? அங்கேயும் ஒருவரும் தடுக்கவில்லை.

மரகதம் அரளிப்பூவை எடுத்தாள். முதல் கல்லின் மேல் வைத்தாள். அப்புறம் இரண்டாவது கல்லின் மேல் வைத்தாள். அப்புறம் மூன்றாவது கல்லுக்கு நகர்த்தினாள்.

“ஒரு சந்தேகம் சார். மூணாவதுல வந்து உட்கார்ந்தா?”

அருமைநாயகம் சிரித்தார்.

“இங்கதான் பசங்க எல்லாம் கோட்டை விடுவாங்க! சங்கிலிக்கு ரெண்டு கோடி இருக்கா இல்லையா? பூ எந்தக் கோடிக்குக் கிட்ட இருக்கோ, அந்தக் கோடியிலேருந்துதான் எண்ணணும். நீங்க இந்தப் பக்கத்துலேருந்து பார்த்து மூணாவதுன்னு சொல்றீங்க. அந்தப் பக்கம் போய் நின்னு பாருங்க, அது ரெண்டாவது. ரெண்டும் ஒரே பொருள்தான். மூணுன்னு ஒண்ணு கிடையவே கிடை—”

வாய் அப்படியே நின்றுவிட்டது.

முதுகுக்குப் பின்னால் ஒரு சொட்டு விழுந்தது.

*

“எத்தனை பேர் சார் நிக்கிறாங்க?”

அருமைநாயகம் கூழாங்கற்களையே பார்த்தார்.

“எழுந்து எண்ணுங்க. இந்தக் கோடியிலேருந்தும் எண்ணுங்க, அந்தக் கோடியிலேருந்தும் எண்ணுங்க.”

எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, தூண்களை விட்டுக் கண்ணை எடுக்காமல், கிழக்கிலிருந்து மேற்கு வரை ஓரமாகவே நடந்தார். அவன் தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போகப் போக அந்த வாடை தொண்டையை அடைத்தது.

மேற்கு வாசலில் நின்று எண்ணினார்.

“ஒருத்தன்” என்றார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொன்னார். “ஒரே ஒருத்தன்தான்.”

அங்கேயே உட்கார்ந்து அழுதார். அடக்கிக்கொள்ளவும் தோன்றாமல் வாய்விட்டு அழுதார்.

“பதினோரு மாசம்மா! ஒரு பாவமும் அறியாத பொண்ணு. புருஷனையும் பறிகொடுத்து, புருஷனைக் கொன்னவங்கிற பேரையும் வாங்கிக்கிட்டு உள்ள கிடக்குறா. நான் வகுப்பு வகுப்பா நடத்தின பாடம்மா இது!”

மரகதம் அவர் அழுது முடிக்கும்வரை இருந்தாள். அப்புறம் அவர் விட்டுவிட்டு ஓடிய செருப்பை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டாள்.

“கிளம்புங்க. பஸ் ரெண்டரைக்கு.”

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போட்டுக்கொள்ளவில்லை.

“இப்ப போய்ச் சொன்னா என்ன ஆகும் தெரியுமாம்மா? இத்தனை வருஷம் நான் எழுதின ஒவ்வொரு அறிக்கையையும் தோண்டுவாங்க. முதல் வருஷப் பையனுக்குத் தெரிஞ்சது இந்த ஆளுக்குத் தெரியலையேன்னு காறித் துப்புவாங்க. நான் என் பேரைத் தவிர வேற ஒண்ணும் சேர்த்து வெக்கலம்மா.”

“சரி.”

“தீர்ப்பு வந்தப்புறம் மேல்கோர்ட்டுக்குப் போவாங்கல்ல? அப்ப பார்த்து, சத்தமில்லாம ஒரு திருத்தம் அனுப்பிட்டா...”

சொல்லும்போதே அவருக்கே அது பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னார். பயம் வந்தால் படித்தவன் வாய் இப்படித்தான் வழி தேடும்.

“சார்” என்றாள் மரகதம். “எனக்கு ஒரு தடவை பூஜ்யம் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மூணாவது பெஞ்சு. மரகதவல்லி. அப்ப எனக்கு ரெட்டைச் சடை.”

மழித்த தலையை, முகத்தை, மறுபடி தலையைப் பார்த்தார். கண்களில்தான் அடையாளம் தெரிந்தது. ஒரு காலத்தில் தான் நடத்திய வகுப்பில், சிரிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கண்கள்.

“பரீட்சையில நான் பியூட்டன்-3-ஆல்னு எழுதினேன். நீங்க சிவப்பு மையால அடிச்சு, பூஜ்யம் போட்டு, பேப்பரை வகுப்புக்கே தூக்கிக் காட்டினீங்க. ‘உலகத்துல கிடையாத ஒண்ணுக்குப் பேரு வெச்சிருக்கியே பொண்ணே, அது வந்து உன் முன்னால நின்னா என்ன பண்ணுவே?’ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.”

“தமாஷுக்குச் சொன்னேன்மா.”

“எனக்குச் சிரிப்பு வரல. அன்னையிலேருந்து அதையேதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். இந்த மலைக்கு வந்ததே அதாலதான்.”

“பதில் கிடைச்சுதா?”

“எனக்கு ஒண்ணும் வந்து நிக்கலையே சார். உங்க முன்னாலதான் நிக்குது. நீங்கதான் சொல்லணும், என்ன பண்ணணும்னு.”

தூணருகே ஒரு சொட்டு விழுந்தது.

அருமைநாயகம் தோளில் தொங்கிய பையைத் திறந்து அறிக்கையின் நகலை எடுத்தார். மரகதம் காவிக்கல் துண்டு ஒன்றை நீட்டினாள். அவர் தன் கையெழுத்துக்கு மேலே இருந்த அந்தப் பேரைச் சிவப்பாக ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் பூஜ்யம் போட்டார். நன்றாகப் பெரிதாக, அன்றைக்கு அவளுக்குப் போட்ட மாதிரியே போட்டார்.

பிறகு மெல்லத் தூண் பக்கம் பார்த்தார்.

“இன்னும் நிக்கிறானேம்மா?”

“காகிதத்துலதானே அடிச்சிருக்கீங்க. எந்த இடத்துல அந்தப் பேரைச் சொன்னீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசல் தாண்டும்போது திரும்பி, தன் பழைய மாணவியைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் முறத்தைத் தூக்கினாள். அவர் வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

*

வியாழக்கிழமை பீப்பாய்ச் சரக்கின் அரக்கை உடைத்தார். பதினோரு மாதமாக அவர் திறக்காத புட்டி. பாட்டிலில் இருந்ததையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சூடேற்றினார்.

இரண்டும் தொண்ணூற்றொன்பதரை டிகிரியில் கொதித்தன.

அன்று முழுவதும் அவன் நின்ற இடத்துக்குப் பக்கத்து மேசையில்தான் வேலை செய்தார். தலை நிமிரவில்லை. ஓடவும் இல்லை.

*

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் நல்ல கூட்டம். ஒரு பக்கச் சுவரில் வரிசையாக நாலு ஜன்னல். குற்றவாளிக் கூண்டில் அன்னபாக்கியம் நின்றாள். மெலிந்துபோயிருந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. இத்தனை மாதத்தில் அவள் கோர்ட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று வக்கீல்கள் சொல்லிக்கொள்வார்கள்.

அருமைநாயகம் கையைத் தூக்கி, பேச அனுமதி கேட்டார். அரசு வக்கீல் முகத்தைச் சுளித்தார். நீதிபதி அவரைச் சாட்சிக் கூண்டில் ஏறச் சொல்லிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“பாட்டில்ல இருந்தது பியூட்டன்-3-ஆல்னு நீங்கதானே எழுதினீங்க?”

“ஆமாங்கய்யா.”

“இந்தக் கூண்டுல நின்னு அதையே சொன்னீங்க?”

“சொன்னேங்கய்யா.”

“இப்ப அதுல என்ன?”

“அப்படி ஒரு பொருள் உலகத்துலேயே கிடையாதுங்கய்யா. தப்பான கோடியிலேருந்து எண்ணிட்டேன். பீப்பாய்ச் சரக்கைத் திறந்தும் பார்க்கலை. நேத்துத்தான் திறந்து சோதிச்சேன்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் காது சூடாயிற்று. நிறுத்தாமல் சொன்னார்.

“பாட்டில்ல இருந்தது கம்பெனிப் பீப்பாயில இருந்ததேதான்.”

“அப்போ ரெண்டும்?”

“ரெண்டு இல்லைங்கய்யா. ஒண்ணுதான்.”

அருமைநாயகத்துக்கு அந்த வாடை வந்தது. எங்கே என்று பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். குற்றவாளிக் கூண்டின் பக்கம் திரும்பினார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?”

அன்னபாக்கியம் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் இருங்கய்யா” என்றாள். “இப்பத்தான் துண்டை அவுக்கிறாரு.”